வாகு மாறிய கட்டை

படார் என்று ஒரு சத்தம். துப்பறிவாளர் மாயவன் துள்ளிப் பின்வாங்கினார். அவருடைய உதவியாளன் வேம்பு அதற்கு முன்பே கதவுக்கு வெளியே போய் நின்றிருந்தான்.

"ஓடலைண்ணே," என்று தலையை மட்டும் உள்ளே நீட்டினான். "யாராச்சும் வராங்களான்னு பாத்தேன்."

"வந்தாங்களா?"

"நான்தான் வந்தேன்."

பரிசோதனைக் கூடத்துக் கண்ணகிக்குச் சிரிப்பு வரவில்லை. முக்காலியின் மேல் குறுக்கே வைத்திருந்த பீங்கான் விட்டம் இரண்டாய் உடைந்து கீழே கிடந்தது. அதன் நடுவில் அவள் ஏற்றி வைத்தது ஒரே ஒரு எடைக்கல்தான். அதே நீளம், அதே கனம், அதே மண்ணில் செய்த இன்னொரு விட்டத்தை எடுத்து முக்காலியில் வைத்தாள். மூலையில் இருந்த எடைக்கற்களை எல்லாம் ஒவ்வொன்றாக அதன் மேல் ஏற்றினாள். கற்கள் தீர்ந்து போயின. விட்டம் அசையவில்லை.

"நீங்களும் ஏறி உக்காருங்க," என்றாள் வேம்புவைப் பார்த்து.

"நானா? எனக்குப் புள்ளகுட்டி இருக்கும்மா."

"உக்காருடா," என்றார் மாயவன். வேம்பு முருகா முருகா என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தான். விட்டம் அப்போதும் அசையவில்லை. பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில் ஓவர்லோடு ஏற்றிப் பழகியவன், இப்போது தானே லோடாகி உட்கார்ந்திருப்பதை நினைத்து அவனுக்கே கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.

எண்பத்திரண்டாம் வருஷம், கார்த்திகை மாதம். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற சாலையில், சுண்ணாம்புக்கல் லாரிகள் உழுது போட்ட சேற்றுக்கு நடுவில் இருந்தது பூமாதேவி செராமிக்ஸ். சூளைக்குள் சரக்கு அடுக்கும் பலகைகளைத் தாங்குவதற்கான பீங்கான் விட்டங்கள் அங்கே தயாராயின. பத்து நாளைக்கு முன்னால், ஆறிப்போன சூளைக்குள் குனிந்து பார்த்த மேஸ்திரி செல்லப்பனின் மேல் விட்டம் முறிந்து அத்தனை சரக்கும் சரிந்தது. ஆளை வெளியே இழுத்தபோது உயிர் இல்லை. விட்டத்தை அறுத்துக் கொடுத்த பழனிவேலைக் கொலைக் குற்றம் சாட்டி உள்ளே தள்ளிவிட்டார்கள்.

"ஒரே மண்ணு, ஒரே தீ. ஒண்ணு முறியுது, ஒண்ணு இந்தத் தடியனைத் தாங்குது. எப்படிம்மா?" என்றார் மாயவன்.

"மண்ணுத் துகள் உருண்டையா இருக்கும்னு நெனைக்காதீங்க சார். எங்க கலவையில அது அவல் மாதிரி தட்டையா இருக்கும். அச்சுல கொட்டி மேலேருந்து அழுத்தினா அத்தனையும் படுத்துக்கும். அப்படிக் கிடைக்கிற பச்சைக் கட்டை முழுக்க அடுக்கடுக்கா அவல்தான், அதை அறுத்துத்தான் விட்டம் எடுப்போம். வெந்தாலும் அந்த வாகு மாறாது. அடுக்கு நீளவாக்குல ஓடற மாதிரி விட்டத்தை அறுத்தா, அது முறியறதுக்கு ஒவ்வொரு அவலையும் ஒடிச்சிட்டுத்தான் போகணும். குறுக்குவாக்குல அறுத்துட்டா அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல பொளந்துக்கும். இப்ப பொளந்தது அதுதான்."

"நானும் படுத்திருந்தாத்தான்ணே பலம்," என்றான் வேம்பு.

"கட்டையைப் பாத்தா எந்தப் பக்கம் அழுத்தினதுன்னு தெரியுமா?" என்று மாயவன் கேட்டார்.

"தெரியாது. அதான் அழுத்தினவர் மூணு விரலைக் காவியில தோய்ச்சு அந்தப் பக்கத்துல பட்டையா இழுத்துடுவார். அந்தப் பக்கம் மேல வர்ற மாதிரி மேடையில வச்சு அறுக்கணும். அப்படி அறுத்தா காவி விட்டத்தோட நீளப் பக்கத்துல நிக்கும். இதோ பாருங்க."

வேம்பு உட்கார்ந்திருந்த விட்டத்தின் நீளப் பக்கத்தில் சூளையில் வெந்து கருஞ்சிவப்பாகிப்போன காவிக் கறை இருந்தது. கீழே உடைந்து கிடந்ததில் அந்தக் கறை முனையில் இருந்தது. செல்லப்பனின் மேல் விழுந்ததிலும் முனையில்தான்.

சிக்கலே இங்கேதான். பழனிவேல் கற்பூரம் அடிக்காத குறையாகச் சொல்கிறான், சிவப்புப் பட்டை மேலேதான் இருந்தது என்று. அப்படி இருந்தால் வெந்த விட்டத்தின் நீளப் பக்கத்தில் அது நிற்க வேண்டும், நிற்கவில்லை. ஆகவே அவன் புளுகுகிறான், வேண்டுமென்றே குறுக்கே அறுத்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார் இன்ஸ்பெக்டர் அங்கமுத்து. போதாக்குறைக்கு ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆலை வாசலில் செல்லப்பனைப் பார்த்து, "இனிமே உங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்" என்று பழனிவேல் கத்தியதை ஊரே கேட்டிருந்தது. எதற்குச் சண்டை என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.

காலையில் பழனிவேலின் மனைவி அம்சவள்ளி பஸ் ஸ்டாண்டில் மாயவனின் கையைப் பிடிக்காத குறையாக நின்றாள். "அவரு கோவக்காரருதாங்க. ஆனா ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் நெனைக்காத ஆளுங்க. வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டு வேலையப் பாருங்க," என்று கெஞ்சினாள். மாயவன் வழக்கம்போல, "இன்னொரு நாள் வரேம்மா" என்றார். அந்த இன்னொரு நாளை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பது வேம்புவுக்குத்தான் தெரியும்.

"செல்லப்பன் எங்க தங்கியிருந்தார்?" என்று கேட்டார் மாயவன்.

கண்ணகி சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஆலைக்குப் பின்னால், மதில் ஓரமாக ஒற்றை அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. வேறு யாராவது வந்துவிட்டால் உட்கார வைக்க ஒரு ஸ்டூல்கூட இல்லை. சம்சாரம் தவறிய பிறகு இங்கேயேதான் கிடந்தார், தீபாவளி பொங்கலுக்குக்கூட எங்கேயும் போனதில்லை என்றாள் கண்ணகி. மாயவனுக்கு அந்த அறை புதிதாகத் தெரியவில்லை. பெரம்பலூர் லாட்ஜில் அவர் அறையிலும் இதே கணக்குத்தான், டம்ளர் மட்டும் லாட்ஜ்காரனுடையது.

மாடத்தில் சாமி படம். அதற்கு முன்னால் ஒரு மரக்கிண்ணம் நிறைய விபூதி. பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டலம், காகிதம் புத்தம் புதுசு. மாயவன் பிரித்துப் பார்த்தார். ஒரு சிட்டிகைகூட மிச்சமில்லை.

"அண்ணே," என்று குரலைத் தாழ்த்தினான் வேம்பு. "பொம்பளை வாடை அடிக்குது."

"வாயைக் கழுவுடா. ஏம்மா, இவர் குங்குமம் வச்சுக்குவாரா?"

"பாத்ததே இல்ல சார். நெத்தி நிறைய விபூதிதான்."

"அப்ப விபூதி அப்படியே இருக்கு, குங்குமம் வழிச்சு காலியாயிருக்கு. தனக்கு வச்சுக்கலை. வேற யாருக்கு வச்சார்?"

மாயவன் சாமி படத்தை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டென்று திரும்பினார்.

"ஆயுத பூஜை அன்னிக்கு இங்க என்ன நடந்துச்சு?"

"காலையில பெரிய ஷெட்டுல பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சாங்க. பொரி கடலை குடுத்தாங்க. மத்தியானத்துக்குள்ள எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. அவர் மட்டும் இருந்தார்."

"அறுக்காத கட்டைங்க அன்னிக்கு எங்க இருந்துச்சு?"

"உலர்த்துற கொட்டகையில. அங்க பூஜை எல்லாம் கிடையாது சார். வெறும் மண்ணுதானே."

"வெறும் மண்ணுதான்," என்றார் மாயவன். "வாங்க, அதைப் பாப்போம்."

கொட்டகை நீளமாக, அரை வெளிச்சத்தில் கிடந்தது. மண்ணெண்ணெய் டின் அளவுக் கட்டைகள், சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெள்ளை வெளேரென்று. வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவற்றைத் தள்ளுவண்டி ஆட்கள் அறுப்பு மேடைக்கு எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு வேலை நின்றுபோனதால் உள் கோடியில் மிச்சம் அப்படியே இருந்தது. பெருக்குமாறும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மற்ற இடங்களில் கட்டைகள் நேர் வரிசையாக இருந்தன. இந்தக் கோடியில் மட்டும் தோளோடு தோள் ஒட்டி, அரை வட்டமாக நின்றன. வாசல் பக்கத்து ஓரத்தில் மட்டும் நாலைந்து கட்டைகளை எடுத்துப்போன இடம் காலியாக இருந்தது. அரை வட்டத்துக்கு எதிரே கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டி. மாயவன் போய் அந்தப் பெட்டியில் உட்கார்ந்தார்.

அத்தனை கட்டைகளும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும் மூன்று விரலால் இழுத்த சிவப்புப் பட்டை. ஆளில்லாத கொட்டகையில் ஊர்ச்சனம் கூடி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மாயவன் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"என்னண்ணே, ஐயனார் கணக்கா உக்காந்துட்டீங்க?"

"வேம்பு, அந்த ஓரத்துக் கட்டையை நகத்து. பக்கவாட்டுல என்ன இருக்குன்னு பாரு."

வேம்பு மூச்சைப் பிடித்து நகர்த்தினான். அடுத்த கட்டையோடு ஒட்டியிருந்த பக்கம் வெளியே வந்தது. அதிலும் மூன்று விரல் சிவப்புப் பட்டை.

"அட!" என்றாள் கண்ணகி. "ஒரு கட்டைக்கு ஒரு பக்கம்தான் காவி போடுவாங்க. இது என்ன ரெண்டு பக்கம்?"

"ரெண்டும் காவி இல்லம்மா. ஒண்ணுதான் காவி. இன்னொண்ணு குங்குமம். மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சாங்க, இதுங்களுக்கு யாரும் வைக்கலை. அந்த மனுஷன் பொழுதெல்லாம் இதுங்களோடதான் கழிச்சார். அவருக்குத் தெரிஞ்ச பூஜை பட்டை போடறது. வெள்ளைக் கட்டையில விபூதி போட்டா தெரியுமா? அதனால குங்குமத்தைத் தண்ணியில குழைச்சுப் பட்டை இழுத்தார். வேலைக்குப் போட்ட காவி மேலயே சாமிக்கும் பூச மனசு வரலை. கட்டையைத் திருப்பி வச்சு, சுத்தமான பக்கத்துல பூசிட்டார்."

"காஞ்சு தூசி படிஞ்சா ரெண்டும் ஒரே சிவப்பு," என்றான் வேம்பு. "பழனிவேலுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. எப்பவும் போல சிவப்பை மேல வச்சான், அறுத்தான்."

கண்ணகி அந்தச் சிவப்பைத் தொட்டுப் பார்த்தாள். "ஆனா சார், வெந்த விட்டத்தோட நீளப் பக்கத்துல ஒரு அடையாளமும் இல்லையே. அதை வச்சுத்தானே நானே இன்ஸ்பெக்டர்கிட்ட..."

"காவி மண்ணு, வெந்தாலும் நிக்கும். குங்குமம் என்னம்மா? மஞ்சளும் சுண்ணாம்பும். அந்தச் சூட்டுல அது எங்க நிக்கும்?"

கண்ணகி கொட்டகையிலிருந்து ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு பட்டையிலிருந்தும் ஒவ்வொரு சில்லு செதுக்கிச் சோதனைச் சூளைக்குள் தானே வைத்தாள்.

அவர்கள் போன பிறகும் மாயவன் கொட்டகையில் நின்றார். மரப்பெட்டிக்குப் பக்கத்தில், தரையில், காய்ந்து சருகாகிப்போன வாழையிலைகள் இரண்டு கிடந்தன. எலி தின்றது போக நாலு பொட்டுக்கடலை. ஓர் இலை சாப்பிட்டு எழுந்தவர் மடித்தபடி மடிந்து காய்ந்திருந்தது. இன்னொன்று விரித்தது விரித்தபடி கிடந்தது. அதற்கு எதிரே இன்னொரு மரப்பெட்டி, உட்காரத் தோதாகக் கவிழ்த்து வைத்திருந்தது.

தனி ஆள் எதற்கு இரண்டு இலை போட்டான்? மாயவனுக்கு விடை பிடிபடவில்லை.

மறுநாள் காலை அங்கமுத்துவின் மேஜையில் கண்ணகி இரண்டு சில்லுகளை வைத்தாள். ஒன்றில் கருஞ்சிவப்பு விரல் தடம். இன்னொன்று துடைத்துவிட்ட மாதிரி வெள்ளை. கொட்டகையில் எடுத்த முழுக் கட்டையும் பக்கத்திலேயே இருந்தது. இன்ஸ்பெக்டர் சில்லுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப கொலைகாரன் யாருய்யா?"

"யாரும் இல்லீங்க. பொட்டு வச்ச கைதான் அவர்மேல சரக்கைத் தள்ளிச்சு. அது அவரோட கை."

"கேஸ் போச்சு," என்றார் அங்கமுத்து. சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பாவம்யா அந்த ஆளு."

கோர்ட்டு நடைமுறை எல்லாம் முடிந்து பழனிவேல் வெளியே வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. சப்ஜெயில் வாசலில் அம்சவள்ளி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். மாயவன் ஒதுங்கி நின்று, அழுகை ஓய்ந்ததும் நடந்ததைச் சொன்னார். பட்டை, குங்குமம், அரை வட்டம் எல்லாம் சொன்னார். பழனிவேல் மரம் மாதிரி நின்று கேட்டான்.

"கட்டை முனையில இன்னொரு சிவப்பு இருந்துச்சு சார்," என்றான் கடைசியில். "பாத்தேன். அழுத்தறவன் கையத் தொடச்சிருப்பான்னு நெனச்சிட்டேன். அடிக்கடி அப்படித் தொடைப்பாங்க."

"யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க. ஒண்ணு கேக்கணும். கொட்டகையில ரெண்டு இலை போட்டிருந்துச்சு. ஒண்ணுல யாரும் சாப்பிடலை. அது யாருக்கு?"

அம்சவள்ளி அவனையே பார்த்தாள்.

"எனக்குத்தான் சார்."

பழனிவேல் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டான்.

"வருஷா வருஷம் பூஜை அன்னிக்கு சாயங்காலம் நான் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போவேன். ஒண்டியா இருப்பாரேன்னு. ரெண்டு பேரும் ஒக்காந்து பொரி தின்னுட்டு, கதை பேசிட்டு வருவேன். இந்த வருஷம் அதுக்கு முந்தின நாளு, நம்ம வூட்டுக்கு வாங்க, புள்ளைங்களோட சாப்புடலாம்னு கூப்புட்டேன். எப்பவும் போல இன்னொரு நாளுன்னாரு. எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. எங்க வூட்டுல கை நனைக்க உங்களுக்குச் சாதி இடிக்குது, அதச் சொல்லுங்கன்னு கேட்டுட்டேன். அவரு பதிலே பேசல. அந்த ஆத்திரத்துலதான் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு கத்தினேன். செத்தவரைப் பத்தி அதைப் போயி எப்படி சார் ஸ்டேஷன்ல சொல்லுவேன்?"

"அவர் வராததுக்கு அது காரணமில்ல பழனிவேல்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்," என்றார் மாயவன். "நிறைஞ்ச வீட்டுல சிரிச்சுப் பேசிச் சாப்பிட்டுட்டு, திரும்பி வந்து பூட்டைத் திறக்கணுமே. அந்த நேரத்துக்குப் பயந்துதான் வரமாட்டாங்க. மனசு இல்லாம இல்ல. உனக்கு இலை போட்டு வச்சிக்கிட்டு அவர் காத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கார்."

பழனிவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "நான் போயிருந்தா அவரு பொட்டு வச்சதைப் பாத்திருப்பேன் சார். பாத்திருந்தா கட்டையைத் தப்பா அறுத்திருக்க மாட்டேன். ஒரு சாயங்காலம் போவாம இருந்துட்டேன். ஒரே ஒரு சாயங்காலம்." தலையில் அடித்துக்கொண்டான். அம்சவள்ளி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மாயவன் குனிந்து பழனிவேலின் தோளில் கை வைத்தார்.

"வாங்கய்யா," என்றாள் அம்சவள்ளி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னிக்காச்சும் வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க."

இன்னொரு நாள் என்ற சொல் மாயவனின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வேம்பு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க ஊருக்கு எப்பம்மா பஸ்ஸு?" என்று கேட்டார் மாயவன்.

வீட்டில் சுடு சோறும் மிளகு ரசமும் கத்தரிக்காய்ப் பொரியலும் இருந்தன. பிள்ளைகள் வாசலில் நின்று அப்பாவையும் புது ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தன. அம்சவள்ளி மூன்று இலை போட்டாள். பழனிவேல் எழுந்து போய், கொல்லையில் இன்னொரு இலை அறுத்து வந்து, தண்ணீர் தெளித்துத் தன் பக்கத்தில் விரித்தான். அதிலும் சோறு வைக்கச் சொன்னான். அவள் ஏன் என்று கேட்கவில்லை, வைத்தாள்.

"கண்டக்டரா இருந்தப்போ இந்த ரூட்டுல எவ்வளவோ ட்ரிப் அடிச்சிருக்கேன்," என்றான் வேம்பு மெதுவாக. "ஒரு நாளும் இறங்கினதில்ல."

மாயவன் ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்து மூன்று பேரும் இலையை மடித்தார்கள். நாலாவது இலை விரித்தபடியே இருந்தது, அதை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.